நேபாளம் கொடுத்த நுழைவு விலை: உலக வர்த்தக அமைப்பில் சேரும் நாடு எங்கெங்கே சிக்குகிறது

1989 மார்ச் 23 அன்று இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தமும் டிரான்சிட் ஒப்பந்தமும் காலாவதியாயின. புதுப்பிப்பதற்கான பேச்சு முறிந்துபோயிருந்தது. எல்லைச் சாவடிகளில் இரண்டைத் தவிர மற்றவை மூடப்பட்டன. நேபாளத்துக்குக் கடற்கரை கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரும் கப்பல் சரக்கு கொல்கத்தாவில் இறங்கி, சுமார் 700 கிலோமீட்டர் இந்திய மண்ணைக் கடந்து பீர்கஞ்ச் எல்லைக்கு வந்தாக வேண்டும். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, உப்புக்குத் தட்டுப்பாடு, அடுப்பெரிக்க மரத்தை வெட்டினார்கள். அந்த ஆண்டு மே மாதத்திலேயே, உலக வர்த்தக அமைப்புக்கு முன்னோடியான ‘காட்’ ஒப்பந்தத்தில் சேர நேபாளம் விண்ணப்பித்தது. அந்த ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவு, ஒரு நாட்டின் சரக்கு இன்னொரு நாட்டின் வழியே கடந்து செல்லும் உரிமையைப் பற்றியது. நேபாளத்துக்குத் தேவைப்பட்டது முதலில் அதுதான்.

விண்ணப்பித்த நாளிலிருந்து உறுப்பினராக ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆயின. 2004 ஏப்ரல் 23 அன்று அது 147ஆவது உறுப்பினர் ஆனது. ஐ.நா.வின் வளர்ச்சி குறைந்த நாடுகள் பட்டியலில் இருந்துகொண்டு, விண்ணப்பத்தை ஆராய உறுப்பு நாடுகள் அமைக்கும் பணிக்குழுவோடு பேச்சுவார்த்தையை முழுதாக நடத்திச் சேர்ந்த முதல் நாடு அதுவே. கம்போடியாவுக்கும் அதே நாளில்தான் ஒப்புதல் கிடைத்தது, ஆனால் அது உள்ளே வர மேலும் ஆறு மாதம் பிடித்தது. காரணத்தைப் பின்னால் பார்ப்போம். சேர நினைக்கும் ஏழை நாடு சந்திக்கும் சிக்கல்கள் ஏறத்தாழ எல்லாமே நேபாளத்தின் பாதையில் இருக்கின்றன. சிலவற்றில் அது கெட்டிக்காரத்தனமாகப் பேசி வென்றது. சிலவற்றில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலையே தொடங்கியது.

விலைப்பட்டியல் இல்லாத கடை

உலக வர்த்தக அமைப்பை நிறுவிய மராகேஷ் ஒப்பந்தத்தின் 12ஆவது பிரிவு, புதிய உறுப்பினர் ‘தனக்கும் அமைப்புக்கும் இடையே ஒப்புக்கொள்ளப்படும் நிபந்தனைகளின்படி’ சேரலாம் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. எந்த நிபந்தனை, எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டு என்று எதுவும் அதில் இல்லை. உறுப்பினராக இருப்பதற்கான விதிகள் ஆயிரக்கணக்கான பக்கங்களில் எழுதப்பட்டிருக்கின்றன. உறுப்பினர் ஆவதற்கான விலை மட்டும் எழுதப்படவில்லை. உள்ளே இருப்பவர்கள் கேட்பார்கள், வெளியே நிற்பவர் கொடுப்பார். பேச்சு முழுவதும் ஒரே திசையில்தான் ஓடும். விண்ணப்பிக்கும் நாடு ‘நீங்களும் உங்கள் வரியைக் குறையுங்கள்’ என்று திருப்பிக் கேட்க முடியாது.

எல்லோரும் இந்தக் கதவு வழியாக வந்தவர்கள் இல்லை. இந்தியா, இலங்கை, பர்மா மூன்றும் 1947-48இல் காட் ஒப்பந்தத்தைத் தொடங்கிய 23 தரப்புகளில் அடங்கியவை. அதன்பின் விடுதலை பெற்ற பல ஆப்பிரிக்க, கரீபிய நாடுகளுக்குக் காட் 26ஆவது பிரிவு ஒரு குறுக்கு வழியைத் தந்தது. ஆண்ட நாடு பரிந்துரைத்தால் போதும், பேச்சுவார்த்தை இல்லாமலேயே உறுப்பினராகலாம். நேபாளம் யாருக்கும் குடியேற்ற நாடாக இருந்ததில்லை. அதனால் அந்த வழி அதற்கு இல்லை. 1995இல் காட் மறைந்து உலக வர்த்தக அமைப்பு வந்தபோது நேபாளத்தின் கோப்பு புதிய அமைப்பின் பணிக்குழுவுக்கு மாறியது. கூடவே சேவைத் துறை, அறிவுசார் சொத்துரிமை, உணவுச் சுகாதாரம் எல்லாம் பேச்சில் நுழைந்தன. தாமதித்த ஆறு ஆண்டுகளில் கேட்கப்படும் பொருளே பெருத்துவிட்டது.

ஒப்புதல் கருத்தொற்றுமையால் கிடைக்கிறது. பணிக்குழுவில் எந்த உறுப்பு நாடும் சேரலாம், எந்த நாடும் முட்டுக்கட்டை போடலாம். 1996இல் விண்ணப்பித்த ஈரானுக்குப் பணிக்குழு அமையவே, அமெரிக்கா எதிர்ப்பைக் கைவிட்ட 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அல்ஜீரியாவின் பணிக்குழு 1987இல் தொடங்கியது, இன்னும் முடியவில்லை.

முதல் தடை: தன்னைப் பற்றியே தெரியாதது

முதலில் தர வேண்டிய ஆவணம், வெளிநாட்டு வர்த்தக முறை பற்றிய விளக்கக் குறிப்பாணை. நேபாளம் இதை 1998 ஆகஸ்டில் தந்தது. எழுத உட்காரும்போதுதான் கஷ்டம் புரியும். நாட்டில் இறக்குமதி உரிமம் யார் தருகிறார்கள், எந்தச் சட்டத்தின் கீழ், மேல்முறையீடு எங்கே, அரசு நிறுவனங்கள் எதை வாங்கி விற்கின்றன, விலைக் கட்டுப்பாடு எந்தப் பொருளுக்கு, எந்தக் கட்டணம் எந்த அறிவிக்கையால் வசூலாகிறது என எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுத வேண்டும். வேளாண்மைக்கு மூன்று ஆண்டு மானியக் கணக்கைத் தனி அட்டவணையில் தர வேண்டும். உணவுச் சுகாதாரத்துக்கும் தொழில்நுட்பத் தரத்துக்கும் ஒரு சரிபார்ப்புப் பட்டியல், அறிவுசார் சொத்துரிமைக்கு இன்னொன்று, எந்தச் சட்டத்தை எந்தத் தேதிக்குள் இயற்றுவோம் என்ற செயல்திட்டம் வேறு.

இந்தத் தகவல் எந்த ஒரு அமைச்சகத்திடமும் முழுதாக இருக்காது. சுங்கத் துறையிடம் வரி விகிதம் இருக்கும், நிதி அமைச்சகத்திடம் விலக்கு ஆணைகள் இருக்கும், உணவுச் சோதனை விவசாயத் துறையின் கீழ் வரும், பொறியாளர் உரிமமோ வேறொரு மன்றத்தின் கையில். சில ஆணைகள் அச்சில்கூட வந்திருக்காது. உள்ளூர் மொழியில் உள்ள சட்டங்களை உலக வர்த்தக அமைப்பின் மொழிகளில் ஒன்றுக்குப் பெயர்க்க வேண்டும். குறிப்பாணை போன பிறகு உறுப்பு நாடுகள் எழுத்தில் கேள்வி அனுப்பும். ஒரு பதிலில் முரண்பாடு இருந்தால் அடுத்த சுற்றில் அதைப் பற்றியே பத்துக் கேள்வி வரும். நேபாளத்தின் பணிக்குழு முதன்முறை கூடியது 2000 மே மாதத்தில். இரண்டாவது கூட்டம் 2002 செப்டம்பரில்தான். இடையில் போன இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தில் பெரும்பகுதி, பதில் எழுதுவதிலும் பொருள்வாரி வரிச் சலுகைப் பட்டியலைத் தயாரிப்பதிலும் கரைந்தது. வர்த்தக அமைச்சகத்தின் இந்த வேலைக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டம் தனித் திட்டமாகவே உதவியது. அந்த உதவி இல்லாமல் அதே வேகத்தில் முடித்திருக்க முடியாது என்றே சொல்லலாம்.

உச்சவரம்பைப் பேரம் பேசுவது

வரிப் பேச்சில் அடிக்கடி குழப்பப்படும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, சுங்கச் சாவடியில் இன்று உண்மையில் வசூலிக்கும் வரி. மற்றது, ‘இதற்கு மேல் போட மாட்டேன்’ என்று அட்டவணையில் எழுதிக்கொடுக்கும் உச்சவரம்பு. பேச்சு நடப்பது இரண்டாவதைப் பற்றி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியே நாளைக்கு ஒரு நெருக்கடி வந்தால் வரியை ஏற்றுவதற்கான இடம்.

நேபாளம் அப்போது நடைமுறையில் வசூலித்தது சராசரியாக 13, 14 சதவீத அளவு. அது எழுதிக்கொடுத்த உச்சவரம்பு வேளாண் பொருட்களுக்குச் சராசரி 42 சதவீதம், மற்ற பொருட்களுக்குச் சுமார் 24 சதவீதம். கம்போடியா வேளாண்மையில் 28, மற்றவற்றில் 18 சதவீதத்துக்கு இறங்கியது. தென் பசிபிக் தீவு நாடான டோங்கா 2007இல் சேரும்போது எந்தப் பொருளுக்கும் 20 சதவீதத்துக்கு மேல் வரி போட முடியாது என்ற நிலையை ஏற்றுக்கொண்டது. இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நேபாளம் இதில் நன்றாகவே பேசியிருக்கிறது.

ஆனால் ஒப்பிட வேண்டிய இன்னொரு நாடு பங்களாதேஷ். அதுவும் அதே பட்டியலில் உள்ள நாடு, ஆனால் தொடக்க உறுப்பினர். அது தன் பொருட்களில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குக்குத்தான் உச்சவரம்பு எழுதிக்கொடுத்தது, அதுவும் சராசரி 150 சதவீதத்துக்கு மேல். நேபாளமோ 99 சதவீதத்துக்கும் மேலான பொருட்களைக் கட்டிப்போட்டது. ஒரே மாதிரியான இரண்டு நாடுகள், ஒரே அமைப்பு, ஒரே விதிகள். பங்களாதேஷ் நாளை பிஸ்கட்டுக்கு வரியை மூன்று மடங்காக்கலாம், நேபாளத்தால் முடியாது. எந்த ஆண்டில் கதவைத் தட்டினார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் இல்லை. எங்கள் பார்வையில் இந்த அமைப்பின் பெரிய குறை இதுதான்.

பேரம் நடக்கும் விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்வமுள்ள ஒவ்வொரு நாடும் தனித்தனியாக உட்கார்ந்து பேசும். ஒரு நாடு பால் பவுடருக்கு 30 சதவீதம் போதும் என்று முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் இன்னொரு நாடு அதே பால் பவுடருக்கு 20 கேட்டு வாங்கிவிட்டால், முதல் நாட்டுக்கும் 20தான், உலகத்தில் உள்ள எல்லா உறுப்பினருக்கும் 20தான். எல்லா உறுப்பினரையும் சமமாக நடத்தும் எம்.எஃப்.என். விதி அப்படி. இருதரப்புப் பேச்சுகள் முடிந்ததும் ஜெனீவாவில் உள்ள செயலகம் அவற்றையெல்லாம் ஒரே அட்டவணையாகத் தொகுக்கும். ஒவ்வொரு வரிசையிலும் யார் வாங்கியதோ அந்த மிகக் குறைந்த எண் மட்டும் நிற்கும். ஆகவே ஆறு இலக்கச் சுங்கக் குறியீட்டில் 5,000க்கும் மேற்பட்ட பொருட்களுக்கும், யாரோடும் பேசத் தொடங்கும் முன்பே, ‘இதற்குக் கீழே இறங்குவதில்லை’ என்ற எண்ணைத் தனக்குள் எழுதி வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் போனால் ஐந்தாவது நாட்டோடு பேசும்போது முதல் நான்கு நாடுகளிடம் காப்பாற்றியது கைநழுவும்.

நேபாளத்துக்கு இதைவிடச் சிக்கலாக இருந்தது ‘இதர வரிகளும் கட்டணங்களும்’ என்ற பத்தி. சுங்க வரிக்கு மேலே உள்ளாட்சி வளர்ச்சிக் கட்டணம், சிறப்புக் கட்டணம், வேளாண் சீர்திருத்தக் கட்டணம் என்று தனித்தனியாக எல்லையில் வசூலித்துக்கொண்டிருந்தார்கள். காட் 2ஆவது பிரிவின்படி இப்படிப்பட்டவற்றை அட்டவணையில் தனிப் பத்தியில் பதிவு செய்ய வேண்டும், பதிவாகாதது பூஜ்யம் என்றே கொள்ளப்படும். ஒரு பொருளுக்கு உச்சவரம்பு 15 என்று எழுதிவிட்டு, மேலே 3 சதவீதக் கட்டணம் தொடர்ந்து வசூலித்தால் அது விதிமீறல், 15ஐ 18 ஆக எழுதியிருந்தால் மீறல் இல்லை. காகிதத்தில் எந்தப் பத்தியில் எழுதுகிறோம் என்பதிலேயே வருவாய் நிற்கிறது. நேபாளம் இந்தக் கட்டணங்களை 2 முதல் 10 ஆண்டுக்குள் படிப்படியாக நீக்க ஒப்புக்கொண்டது.

அரசின் வரி வருவாயில் கால் பங்குக்கும் மேல் எல்லைச் சாவடியிலிருந்து வரும் நாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நல்ல வேளையாக 1997 நவம்பரிலேயே 10 சதவீத மதிப்புக் கூட்டு வரி கொண்டுவரப்பட்டிருந்தது, 2005இல் அது 13 ஆனது. டோங்காவும் உறுப்பினராகும் முன்பு, 2005இல், 15 சதவீத நுகர்வு வரியைக் கொண்டுவந்தது. சுங்க வரியைக் குறைக்கக் கையெழுத்திடும் முன் உள்நாட்டு வரி வசூல் நிலைபெற்றிருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் அரசு ஊழியர் சம்பளத்துக்கே பணம் தேட வேண்டி வரும்.

விதை விஷயத்தில் நின்று பேசியது

அறிவுசார் சொத்துரிமைக்கான டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 27.3(ஆ) பிரிவு, தாவர வகைகளுக்குக் காப்புரிமையோ ‘பயனுள்ள தனி முறை’ ஒன்றோ இரண்டும் சேர்ந்தோ வேண்டும் என்கிறது. அந்தத் தனி முறை எது என்று சொல்லவில்லை. பேச்சின்போது அமெரிக்கத் தரப்பு, யுபோவ் என்ற தாவர வகைப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் 1991ஆம் ஆண்டு வடிவத்தில் நேபாளம் சேர வேண்டும் என்று அழுத்தியது. அந்த வடிவத்தில், பாதுகாக்கப்பட்ட வகையின் விதையை உழவர் அடுத்த பருவத்துக்கு எடுத்து வைப்பது அரசு தனியாக விலக்கு அளித்தால் மட்டும் செல்லும். பக்கத்து வீட்டுக்கு மாற்றிக் கொடுப்பதும் விற்பதும் அந்த விலக்கில் வராது. நேபாள மலைக் கிராமங்களில் நெல், கேழ்வரகு விதை பெரும்பாலும் வீட்டிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும்தான் வருகிறது.

சாவ்டீ உள்ளிட்ட காத்மாண்டுவின் குடிமக்கள் அமைப்புகள் இதை எடுத்துக்கொண்டு பத்திரிகையிலும் அமைச்சகத்திலும் விடாமல் வாதாடின. அவர்கள் கையிலிருந்த வாதம் எளிமையானது: டிரிப்ஸ் கேட்காத ஒன்றை நுழைவு விலையாகக் கேட்கக் கூடாது. கடைசியில் பணிக்குழு அறிக்கையில் எழுதப்பட்ட வாசகம், யுபோவ் 1991 உள்ளிட்ட சில ஒப்பந்தங்களை நேபாளம் ‘தேசிய நலன் நோக்கில் பரிசீலித்து, பொருத்தமானால் எதிர்காலத்தில் சேரும் வாய்ப்பை ஆராயும்’ என்ற பொருளில் முடிந்தது. சேர்வேன் என்ற உறுதிமொழி இல்லை. இந்த ஒரு வாக்கியம்தான் மொத்தப் பேச்சிலும் நேபாளம் பெற்ற பெரிய வெற்றி என்று கருதுகிறோம். பணிக்குழு அறிக்கையில் ‘உறுதியளிக்கிறது’ என்று வரும் பத்திகள் மட்டும் சட்டப்படி கட்டுப்படுத்தும். அவற்றின் எண்களை அறிக்கையின் இறுதியிலேயே தொகுத்துச் சொல்லியிருப்பார்கள். மற்றவை விவரிப்பு. எந்த வாக்கியம் எந்தப் பட்டியலில் விழுகிறது என்பதை ஒவ்வொரு வரைவிலும் சரிபார்க்கும் ஆள் தூதுக்குழுவில் ஒருவராவது இருக்க வேண்டும்.

இந்த உறுதிமொழிகள் அமைப்பின் பொது விதிகளையும் தாண்டலாம். ஏற்றுமதி வரிக்குப் பொது விதியில் தடை இல்லை. ஆனால் 2001இல் சேர்ந்த சீனா தன் நுழைவு நெறிமுறையின் 11.3 பத்தியில் ஏற்றுமதி வரியைக் கட்டுப்படுத்த ஒப்புக்கொண்டது. பத்து ஆண்டு கழித்துத் தாதுப் பொருள் ஏற்றுமதி வழக்கு வந்தபோது, காட் 20ஆவது பிரிவின் சுற்றுச்சூழல் விலக்கைக்கூட அந்தப் பத்திக்குக் காட்ட முடியாது என்று தீர்ப்பானது. மற்ற உறுப்பினர் செய்யக்கூடியதைச் சீனா செய்ய முடியவில்லை, தான் எழுதிக்கொடுத்த ஒரு பத்தியால்.

சேவைத் துறையும் தீவுகளின் அனுபவமும்

சேவைத் துறையில் நேபாளம் 11 துறைகளில் 70 உட்பிரிவுகளைத் திறந்தது. வெளிநாட்டு வங்கிகள், பெரு நிறுவனங்களுக்கான மொத்த வங்கிச் சேவைக்கு மட்டும், 2010 ஜனவரி 1 முதல் கிளை திறக்கலாம் என்ற மாதிரியான கால நிபந்தனைகளும் உண்டு. இதில் பொதுமக்கள் எதிர்ப்பு அவ்வளவாக எழவில்லை.

வனுவாட்டுவில் எழுந்தது. அப்போது இரண்டு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த பசிபிக் தீவு நாடு அது. 1995இல் விண்ணப்பித்து 2001இல் பேச்சை முடித்துவிட்டது. தோஹா மாநாட்டில் ஒப்புதல் பெற வேண்டிய நேரத்தில் பின்வாங்கியது. சில்லறை, மொத்த வணிகத்தையும் தொலைத்தொடர்பையும் திறக்கச் சொன்ன நெருக்கடி உள்நாட்டில் எதிர்ப்பைக் கிளப்பியிருந்தது. கோப்பு பல ஆண்டுகள் தூங்கியது. 2011இல் பணிக்குழு மறுபடி கூடி, அந்த ஆண்டு அக்டோபரில் ஒப்புதல் கிடைத்து, 2012 ஆகஸ்ட் 24 அன்று 157ஆவது உறுப்பினரானது. அதிகாரிகள் ஜெனீவாவில் முடித்ததை வணிகர்களிடமும் நாடாளுமன்றத்திலும் முன்கூட்டியே பேசாமல் விட்டதன் விலை பதினோரு ஆண்டு.

சமோவாவின் சிக்கல் இன்னும் கண்ணுக்குத் தெரிவது. கொழுப்பு நிறைந்த வான்கோழி வால் அங்கே மலிவான இறைச்சியாக இறக்குமதியாகிக்கொண்டிருந்தது. உடல்பருமன் காரணமாக 2007இல் அரசு அதைத் தடை செய்தது. உறுப்பினராகும் பேச்சில் அந்தத் தடையை நீக்கச் சொன்னார்கள். சமோவா 12 மாதத்துக்குள் தடையை நீக்கவும், இடைக்கால ஏற்பாடாக 300 சதவீத இறக்குமதி வரி போடவும், அதன்பின் 100 சதவீதத்துக்கு இறங்கவும் ஒப்புக்கொண்டது. மக்கள் நலக் கொள்கையாக இருந்தாலும், ஒரே இறக்குமதிப் பொருளின் மேல் மட்டும் தடை விழுந்து, அதே அளவு கொழுப்புள்ள வேறு இறைச்சி கடையில் இருந்தால் ‘பாகுபாடு’ என்ற கேள்வி உடனே வரும். எல்லாக் கொழுப்பு இறைச்சிக்கும் பொருந்தும் தர வரம்பாக அதை எழுதியிருந்தால் காப்பாற்றுவது எளிதாக இருந்திருக்கும்.

நாடாளுமன்றம் இல்லாத ஊரில் சட்டம்

2003 செப்டம்பர் 11 அன்று கான்குன் அமைச்சர்கள் மாநாட்டில் நேபாளத்துக்கும் கம்போடியாவுக்கும் ஒப்புதல் கிடைத்தது. அதன்பின் நாட்டுக்குள் ஏற்பிசைவு, அதாவது முறையான இறுதி ஒப்புதல் பெற்று, ஆவணத்தைச் செலுத்தி, 30ஆம் நாள் உறுப்பினர் ஆகலாம். இரண்டுக்கும் கெடு 2004 மார்ச் 31. கம்போடியாவில் 2003 ஜூலைத் தேர்தலுக்குப் பின் ஓராண்டு வரை அரசே அமையவில்லை. அதனால் கெடுவை நீட்டிக்கச் சொல்லி, 2004 அக்டோபர் 13 அன்றுதான் சேர்ந்தது.

நேபாளத்தில் நாடாளுமன்றம் 2002 மே மாதமே கலைக்கப்பட்டிருந்தது, அக்டோபரில் மன்னர் பிரதமரையும் நீக்கிவிட்டார், மாவோயிஸ்ட் உள்நாட்டுப் போர் வேறு. ஏற்பிசைவு கெடுவுக்குள் முடிந்தது. ஆனால் சுங்க மதிப்பீடு, உணவுச் சுகாதாரம், தொழில்நுட்பத் தரம், டிரிப்ஸ் நான்குக்கும் 2007 ஜனவரி 1 என்று தேதி குறித்துக் கொடுத்திருந்தார்கள். சட்டம் இயற்ற அவை இல்லை, 2006 ஏப்ரலில்தான் அது மீண்டது. புதிய சுங்கச் சட்டம் 2007இல் வந்தது. போட்டிச் சட்டமும் தாவரப் பாதுகாப்புச் சட்டமும் அதையொட்டிய காலத்தில் வந்தன. காப்புரிமை, வடிவமைப்பு, வணிகச் சின்னத்துக்கோ 1965ஆம் ஆண்டுச் சட்டமே நெடுங்காலம் நீடித்தது. 2005 நவம்பரில் டிரிப்ஸ் கெடுவை வளர்ச்சி குறைந்த உறுப்பினர் அனைவருக்கும் 2013 வரை நீட்டித்தார்கள், அது பிறகு 2021க்கும் 2034க்கும் போனது. தொடக்க உறுப்பினருக்குக் கிடைத்த இந்த மூச்சு நேபாளத்துக்கும் உதவியது. பேசும்போதே இவ்வளவு இறுக்கமான தேதிக்கு ஒப்புக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

சட்டம் வந்தாலும் பழக்கம் மாற நாளாகும். உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தப்படி, இறக்குமதியாளர் உண்மையில் கொடுத்த விலையின் மேல்தான் வரி கணக்கிட வேண்டும். சாவடி அதிகாரியின் மேசையிலோ மேற்கோள் விலைப் பட்டியல் ஒன்று இருக்கும். 100 ரூபாய்க்கு வாங்கியதாக பில் வருகிறது, பட்டியலில் 140 என்றிருந்தால் 140க்கே வரி போடுவார். பில்லைக் குறைத்துக் காட்டுவது பரவலாக இருக்கும் இடத்தில் அதிகாரிக்கு வேறு வழி தெரிவதில்லை. பட்டியலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்க வேண்டியவை மூன்று: இறக்குமதிக்குப் பின் கணக்குத் தணிக்கை செய்யும் பிரிவு, கடந்த இறக்குமதி விலைகளின் தரவுத்தளம், பிணைத் தொகை கட்டிச் சரக்கை எடுத்துச் செல்லும் வசதி. இவை இல்லாமல் சட்டத்தை மட்டும் மாற்றினால் வருவாய் சரியும், அல்லது பட்டியல் மேசை இழுப்பறைக்குள் தொடரும்.

உள்ளே வந்த பிறகு

உறுப்பினர் அட்டை சந்தையைத் தந்துவிடவில்லை. நேபாளத்தின் ஆயத்த ஆடை அமெரிக்காவின் ஒதுக்கீட்டு முறையில் வளர்ந்த தொழில். அந்த ஒதுக்கீடு 2005 ஜனவரி 1 அன்று உலகெங்கும் முடிந்தது, நேபாளம் சேர்ந்து எட்டே மாதத்தில். பெரிய உற்பத்தி நாடுகளோடு நேருக்கு நேர் நிற்க முடியாமல் தொழிற்சாலைகள் வரிசையாக மூடின. உறுப்பினரானதால் வந்த வீழ்ச்சி இல்லை இது, வெளியே இருந்திருந்தாலும் நேர்ந்திருக்கும். எனினும் சேர்வதன் பலனை ஆடை ஏற்றுமதியில் எதிர்பார்த்தவர்கள் கணக்கில் இந்தத் தேதி இருந்திருக்க வேண்டும்.

இந்தியாவோடு உள்ள வர்த்தகம் இருதரப்பு ஒப்பந்தப்படியே நடந்தது. 2002இல் புதுப்பித்தபோது வனஸ்பதிக்கு ஆண்டுக்கு 1,00,000 டன், அக்ரிலிக் நூலுக்கு 10,000 டன், செம்புப் பொருளுக்கு 7,500 டன், துத்தநாக ஆக்சைடுக்கு 2,500 டன் என்று இந்தியா அளவுக் கட்டுப்பாடு வைத்தது. நேபாளம் உறுப்பினரான பிறகும் இவை பேசித் தீர்க்கும் விஷயமாகவே இருந்தன.

உண்மையான தடை பல நேரம் ஆய்வகத்தில் இருக்கிறது. இஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் பெரிய இஞ்சி விளைச்சல் நாடுகளில் நேபாளம் ஒன்று, அதன் முக்கியச் சந்தை இந்தியா. மண் ஒட்டிய கிழங்கு நூற்புழுவையும் பூஞ்சையையும் சுமந்து வரும் என்பதால் தாவரச் சுகாதாரச் சான்று கேட்பது நியாயமே. சான்று தரும் நேபாள ஆய்வகத்தின் முடிவை எல்லைக்கு அப்பால் ஏற்காவிட்டால் மாதிரி எடுத்து வேறு ஊருக்கு அனுப்புவார்கள், முடிவு வரும்வரை லாரி நிற்கும். ஈரக் கிழங்கு லாரியில் கிடந்தால் வெப்பத்தில் முளைவிட்டு அழுகத் தொடங்கும். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் விலை சரிவதால் வியாபாரி எல்லையிலேயே கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார். ஜாபா மாவட்டத்தில் சர்வதேச உதவியோடு இஞ்சி கழுவும் ஆலை அமைத்தது இதற்காகவே. மண் போனால் ஆட்சேபத்தில் பாதி போகும். தேனுக்கும் இதே கதை: எச்ச அளவுக் கண்காணிப்புத் திட்டம் இல்லாததால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நார்வேக்குப் போன தேன் நின்றது. சர்வதேச அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தை நிறுவ, கருவி வாங்குவது எளிய பகுதி. அங்கீகாரம் ஒவ்வொரு சோதனை முறைக்கும் தனித்தனி. பயிற்சி பெற்றவர் வேலையை விட்டுப் போனால் அதுவும் போய்விடும்.

எதற்காக விண்ணப்பித்தார்களோ அந்த டிரான்சிட் உரிமை 2015இல் சோதனைக்கு வந்தது. செப்டம்பர் 20 அன்று புதிய அரசியல் சாசனம் அறிவிக்கப்பட்டபின் தெற்கு எல்லையில் சரக்கு மாதக்கணக்கில் நின்றது. நேபாளத்தின் தெற்குச் சமவெளியில் வாழும் மாதேசி மக்களின் போராட்டம்தான் காரணம், தாங்கள் தடை எதுவும் போடவில்லை என்றது இந்தியா. நேபாளம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போடவில்லை. ஜெனீவாவில் உள்ள சட்ட ஆலோசனை மையம் இத்தகைய நாடுகளுக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் வாதாடும், அதனால் தடை பணம் மட்டும் இல்லை. வழக்கு முடிய ஆண்டுகளாகும், எரிவாயு உருளை அடுத்த வாரத்துக்கு வேண்டும். தவிர, தடைக்கு ஓர் அரசின் ஆணைதான் காரணம் என்று நிரூபித்தாக வேண்டும். 5ஆவது பிரிவை நேரடியாக ஆராய்ந்த தீர்ப்புகளில் ஒன்று 2019 ஏப்ரலில் உக்ரைன்-ரஷ்யா வழக்கில் வந்தது, அதிலும் ரஷ்யாவின் தேசியப் பாதுகாப்பு வாதம் ஏற்கப்பட்டது. நேபாளத்துக்கு நடைமுறையில் அதிகம் பயன்பட்டது, 2017 ஜனவரியில் அது ஏற்ற வர்த்தக எளிமையாக்க ஒப்பந்தம்தான். எந்த விதியை உடனே, எதைப் பிறகு, எதை உதவி கிடைத்தால் மட்டும் செய்வோம் என்று நாடே பிரித்து அறிவிக்க அதில் இடமுண்டு.

இப்போது வரிசையில் நிற்பவர்கள்

நேபாளம் பேசி முடிக்கும் தறுவாயில், 2002 டிசம்பரில், வளர்ச்சி குறைந்த நாடுகளுக்கு விதிகளை இலகுவாக்கும் வழிகாட்டுதலை அமைப்பின் பொதுக் குழு ஏற்றது. அதில் எண்கள் இல்லை. 2012 ஜூலையில்தான் எண்கள் வந்தன: வேளாண்மைக்குச் சராசரி 50 சதவீத உச்சவரம்பு, மற்றவற்றில் 95 சதவீதப் பொருட்களைச் சராசரி 35 சதவீதத்தில் கட்டினால் போதும், மீதி 5 சதவீதத்தைக் கட்டாமலே விடலாம். நேபாளம் கொடுத்த 42ஐயும் 24ஐயும் இதோடு ஒப்பிட்டால், முதலில் வந்தவர் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தார் என்பது தெரியும். 2016இல் சேர்ந்த ஆப்கானிஸ்தானுக்குப் பின் எட்டு ஆண்டு யாரும் உள்ளே வரவில்லை. 2024 ஆகஸ்டில் கொமொரோஸும் திமோர்-லெஸ்தேயும் வந்ததோடு எண்ணிக்கை 166 ஆனது.

எத்தியோப்பியா 2003இல் விண்ணப்பித்தது. பூட்டான் 1999இல் விண்ணப்பித்து, பின் கோப்பைப் பல ஆண்டு ஆறப்போட்டது. 2023 டிசம்பரில் பூட்டான் ஐ.நா.வின் வளர்ச்சி குறைந்த நாடுகள் பட்டியலிலிருந்து தேறி வெளியேறிவிட்டது. ஆகவே 2012ஆம் ஆண்டின் 50, 35 என்ற எண்களைத் தனக்கு உரியதாக அது இனிக் கேட்க முடியாது. பட்டியலில் இருந்த காலத்திலேயே அந்தத் தகுதியின் அடிப்படையில் வரிச் சலுகைப் பட்டியலை மேசையில் வைத்திருந்தால், குறைந்தபட்சம் அதைக் காட்டிப் பேசலாம். நேபாளத்துக்கு அதே தேதி 2026 நவம்பர் 24 என்று ஐ.நா. பொதுச்சபை 2021இல் குறித்தது. அன்றோடு டிரிப்ஸின் 2034 வரையிலான சலுகை அதற்கு முடிந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரியில்லாச் சந்தை மட்டும் தேறிய நாளிலிருந்து மேலும் மூன்று ஆண்டு தொடரும். காத்மாண்டுவில் இப்போது நடக்க வேண்டிய வேலை 1998இல் செய்ததைப் போன்றதே: எந்தப் பொருள் எந்தச் சந்தைக்கு எந்தச் சலுகையில் போகிறது, அது நின்றால் எத்தனை சதவீத வரி விழும் என்று ஆறு இலக்கக் குறியீடு வரை ஒரு பட்டியல்.